வீட்டைக் கடைசியில் கட்டுங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருந்தது. அப்பா ஆரம்பித்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, வேறு ஏழு குடும்பங்களோடு சேர்ந்து குப்பனூர்ப் பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்தில் பதினோரு ஏக்கர் வாங்கினோம். இப்போது எட்டு வீடு, முப்பது பேர், ஐந்து மாடு, எண்ணிச் சொல்ல முடியாத கோழி. மாதம் இரண்டு பேராவது வந்து, நாங்களும் இப்படி ஒரு ஊர் அமைக்கலாம் என்றிருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் கையில் ஒரு வீட்டுப் படம் இருக்கும். வட்டமான மண்சுவர், நடுவில் முற்றம், கூரையில் சோலார். படம் நன்றாகத்தான் இருக்கும். அதை மடித்துப் பையில் வையுங்கள், மூன்றாம் வருடம் வெளியே எடுக்கலாம் என்று சொல்வேன். முகம் வாடிவிடும்.

நாங்கள் செய்த தப்புகளை எண்ணிப் பார்த்தால் செய்யக்கூடாததைச் செய்தது குறைவு. பின்னால் செய்யவேண்டியதை முன்னால் செய்ததுதான் அதிகம். அதனால் இங்கே வரிசையாகவே எழுதுகிறேன்.

நிலம் பார்ப்பது

ஒரே இடத்தைச் சித்திரையில் ஒருமுறை, ஐப்பசியில் ஒருமுறை பாருங்கள். சித்திரையில் நிலத்தைப் பார்ப்பதைவிடப் பக்கத்துக் காட்டுக் கிணறுகளை எட்டிப் பார்ப்பது முக்கியம். எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி, எந்த மாதம் மோட்டாரை நிறுத்துகிறார்கள் என்று கேளுங்கள். தரகரைக் கூட்டிக்கொண்டு போகாமல் தனியாகப் போய்க் கேட்டால்தான் உண்மை வரும். ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது, வண்டி எந்த இடத்தில் புதைகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் தை மாதத்தில் பார்த்து மாசியில் பத்திரம் போட்டவர்கள். தை மாதத்தில் எந்தக் காடும் அழகாகத்தான் இருக்கும்.

எல்லாருக்கும் முதலில் மலை மேலே போகத்தான் ஆசை. எங்களுக்கும் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஏற்காட்டில் பனியைப் பார்த்துவிட்டால் இறங்க மனம் வராது. ஆனால் 1820-களில் காபி வந்ததிலிருந்து மேலே நல்ல நிலமெல்லாம் பெரும்பாலும் தோட்டமாகிவிட்டது. மீதி இருப்பது மலையாளி மக்களின் ஊர்களும் காடுகளும் வனத்துறை நிலமும். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மலைகளில் வாழும், தமிழ் பேசும் பழங்குடிகள் இவர்கள்.) சாமையும் ராகியும் விளைகிற அவர்கள் காட்டை நான்கு பட்டணத்துக்காரர்கள் வாங்கிப் ‘பசுமைக் கிராமம்’ என்று பலகை மாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, மலையில் கட்டடத்துக்குத் தனி விதிகள் உண்டு. மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1955ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அடிவாரம் போதும்.

காகிதத்தில் பார்க்கவேண்டியவை: தாய்ப்பத்திரம், முப்பது வருடத்துக்குக் குறையாமல் வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), ‘அ’ பதிவேடு (நிலம் என்ன வகை, யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த்துறை ஏடு), புலப்படம் (நிலத்தின் அளவைப் படம்). புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் கல் கல்லாக நடந்து பாருங்கள். ஓடைப் புறம்போக்கு உள்ளே வருகிறதா, வண்டிப்பாதை நிஜமாகவே பாதையா அல்லது பக்கத்துக் காட்டுக்காரர் பெருந்தன்மையா என்பது அதில் தெரிந்துவிடும். ‘அ’ பதிவேட்டில் பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கியது) என்றோ நிபந்தனைப் பட்டா என்றோ இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று. விவசாய நிலத்தை ஆளுக்கு இருபது சென்ட் என்று மனையாகத் துண்டு போட்டுப் பதியலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவைப் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு தடுக்கிறது. நாங்கள் துண்டு போடவில்லை. எட்டுப் பேருக்கும் பிரிபடாத சம பாகம், ஒரே கூட்டுப் பட்டா. நிர்வாகத்துக்கு 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஒரு சங்கம். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், நாங்கள் எட்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரும் ஆடிட்டரும்தான் சொல்லவேண்டும். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நிலத்துக்கு நூறு ரூபாய் ஆகிறது என்றால் தண்ணீர், பாதை, கழிவறை, பொதுக்கொட்டாய்க்காக இன்னும் ஐம்பது ரூபாய் தனியாக இருக்கவேண்டும். எங்களிடம் பத்துதான் இருந்தது. அதிலும் பாதி போரில் போயிற்று.

சேதாரத்தை முன்னாலேயே பேசுங்கள்

கொலுசுத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளியை வீட்டு வேலைக்காரரிடம் கொடுக்கும்போது எடை போட்டுச் சீட்டில் எழுதுவோம். கொலுசாகத் திரும்பும்போது மறுபடி எடை. அறுக்கும்போதும் பற்றவைக்கும்போதும் பொடி பறக்கும், எடை குறையும். கிலோவுக்கு இத்தனை கிராம் சேதாரம் என்று கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுவோம். அண்ணன் தம்பிக்குள்ளும் இதே வழக்கம்தான். சந்தேகம் இருப்பதால் எழுதுவதில்லை. நாளைக்கும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பதால் எழுதுகிறோம்.

முப்பது வருடம் இதைச் செய்த நான், இங்கே வந்ததும் மறந்துவிட்டேன். எல்லாரும் நண்பர்கள், எல்லாரும் இயற்கைப் பிரியர்கள், எழுத்தெல்லாம் எதற்கு என்று ஒரு மிதப்பு. மூன்றாம் வருடம் ஒரு குடும்பம் விலக வேண்டி வந்தது. அவர்கள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் சேலத்துக்கு ஓடவேண்டியிருந்தது. யாருடைய தப்பும் இல்லை. ஆனால் பங்குக்கு எவ்வளவு பணம் என்ற கேள்வி வந்ததும் எட்டு வீடும் எட்டு மூலையில் நின்றது. அவர்கள் சந்தை விலை கேட்டார்கள். எங்களிடம் பணமே இல்லை. அவர்கள் போட்ட உழைப்புக்கு என்ன மதிப்பு, கட்டிய பாதி வீடு யாருக்கு என்று ஒன்றுக்கும் சீட்டு இல்லை. பதினான்கு மாதம் இழுத்தது. கடைசியில் தீர்ந்தது, ஆனால் பொங்கலுக்கு ஒருவருக்கொருவர் கூப்பிட்டுப் பேசுகிற பழக்கம் நின்றுபோனது.

இப்போது சீட்டு இருக்கிறது. விலகுகிறவருக்கு அவர் போட்ட முதலும், வங்கி வைப்பு வட்டி விகிதத்தில் வளர்ச்சியும். இருபத்துநான்கு மாதத்துக்குள் தவணையாகக் கொடுக்கவேண்டும். வீட்டுக்கு ஆண்டுத் தேய்மானம் கழித்து மதிப்பு. பங்கை வெளியாளுக்கு விற்கும் முன் மற்றவர்களைக் கேட்கவேண்டும். இறந்தால் வாரிசுக்குப் பாகம் உண்டு, ஆனால் குடியேறும் முன் ஒரு வருடம் எங்களோடு இருந்து பார்க்கவேண்டும். விலகுகிறவருக்குக் கொடுக்க ஒவ்வொரு வீடும் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கி வைக்கிறோம். நிலப் பத்திரத்துக்கு முன்னாலேயே இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். கல்யாணத்தில் விவாகரத்துப் பேசுகிறாயே என்று ஒருவர் கேட்டார். பட்டறையில் சேதாரம் பேசிவிட்டுத்தான் வெள்ளி கொடுப்போம் என்றேன்.

கூடிப் பேசுவது அமாவாசைதோறும். எல்லாரும் கைதூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தால் எதுவும் நடக்காது. பெரும்பான்மை என்று வைத்தால் தோற்ற மூன்று வீடு முறைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் வழக்கம், ‘இதோடு என்னால் இருக்க முடியாது’ என்று யாரும் சொல்லாவிட்டால் மூன்று மாதம் செய்து பார்ப்பது. சொல்கிறவர் அடுத்த அமாவாசைக்கு மாற்று வழியோடு வரவேண்டும். மாற்று வழி யோசிக்கவேண்டுமே என்ற சோம்பலிலேயே பாதி எதிர்ப்பு கரைந்துவிடுகிறது.

தண்ணீர்

முதல் வருடம் நாங்கள் செய்த முதல் வேலை போர் போட்டது. தேங்காயைக் கையில் வைத்துப் பார்க்கிறவர் ஒருவர் வந்தார், தேங்காய் எழுந்து நின்றது, நாங்களும் நின்றோம். ரிக் வண்டி வந்து ராத்திரி முழுக்க இறங்கியது. எண்ணூற்றைம்பது அடி. வெள்ளைப் புழுதிதான் வந்தது. எதிர்க்காட்டுப் பெரியவர் காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்து, வேட்டியில் படிந்த மாவைத் தட்டிவிட்டு, “இது பூரா கல்லுங்க சாமி. மேல பெய்யறத புடிச்சு வைக்காம கீழ தேடுனா எங்கிருந்து வரும்?” என்றார். அவர் அதை ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒரு நாள் முன்னதாகக் கேட்டிருக்கலாம் என்பதுதான் சரி.

கணக்கு எளிது. எங்கள் பக்கம் வருடத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர். பதினோரு ஏக்கருக்கும் சேர்த்தால் நான்கு கோடி லிட்டர். முப்பது பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்தாலும் நாளைக்கு 1,650 லிட்டர்தான். ஆண்டு முழுக்க ஆறு லட்சம் சொச்சம். மழை போதாது என்று சொல்ல வழியே இல்லை. நிற்கவில்லை, அவ்வளவுதான். செம்மண் சரிவில் விழுந்து, ஒரு மணி நேரத்தில் ஓடைக்குப் போய், கூடவே மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

அதை நிறுத்த முதலில் ஆங்கில A எழுத்து வடிவில் ஒரு ‘ஏ’ சட்டம் செய்துகொள்ளுங்கள். ஏழடிக் கம்பு இரண்டு. மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, குறுக்கே இன்னொரு கம்பு கட்டவேண்டும். உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல் தொங்கட்டும். இரண்டு காலையும் தரையில் வைத்துக் கயிறு குறுக்குக் கம்பில் எங்கே தொடுகிறது என்று குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளியில் நிற்கும்படி சட்டத்தை ஒரு காலை மாற்றி ஒரு காலாக நகர்த்திக்கொண்டே போனால், சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் கோடு கிடைக்கும். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். எங்கள் கோடு முழுக்க அவர்கள் போட்டதுதான்.

அந்தக் கோட்டில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் அகழி. ஒரே நீளமாக வெட்டாதீர்கள். ஓரிடத்தில் உடைந்தால் மொத்தத் தண்ணீரும் அங்கேயே பாயும். பத்தடிக்கு ஒரு துண்டு, இடையில் இரண்டடி திட்டு. அடுத்த வரிசைத் துண்டு மேல்வரிசைத் திட்டுக்கு நேராக வரவேண்டும். ஒரு துண்டில் 850 லிட்டர் நிற்கும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு, கரையில் வெட்டிவேரும் அகத்தியும். வெட்டிவேர் பிடித்துக்கொண்டால் கரை அசையாது. ஆடிக்கு முன் வெட்டி முடித்துவிடுங்கள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்றும்தான் எங்கள் பக்கம் பெரிய மழை.

அப்புறம் பண்ணைக் குட்டை. எங்களுடையது மேலே எண்பதுக்கு அறுபது அடி, எட்டடி ஆழம், பக்கங்கள் சரிவாக. நிறைந்தால் எட்டரை லட்சம் லிட்டர். நிலத்தின் தாழ்ந்த மூலைக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு வண்டல் குழி, நிறைந்து மிஞ்சியது வெளியேற கல் பாவிய கோடி. கோடி வைக்காமல் விட்டால் முதல் பெருமழையில் கரையே கோடியாகிவிடும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்கவேண்டுமா என்று கேட்பார்கள். நாங்கள் விரிக்கவில்லை. கசிகிறது. கசிந்து கீழே இருக்கும் பழைய கிணற்றுக்குத்தான் போகிறது. மூன்றாம் வருடத்திலிருந்து அந்தக் கிணற்றில் சித்திரையிலும் ஆறடி நிற்கிறது.

குடிக்கவும் சமைக்கவும் கூரைத் தண்ணீர். பொதுக்கொட்டாயின் 1,200 சதுர அடி ஓட்டுக் கூரையில் வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது. தெறித்தது, ஓடு குடித்தது போக எண்பதாயிரம் தேறும். ஆளுக்கு ஏழு லிட்டர் வீதம் முப்பது பேருக்கு நாளைக்கு 210 லிட்டர். மழையில்லாத 120 நாளைக்கு 25,200. ஆகவே முப்பதாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று போதும். கம்பி வலையில் சிமெண்ட் பூசிக் கட்டினோம். முதல் மழையைத் திருப்பி வெளியே விட ஒரு குழாய், வாயில் கொசு புகாத வலை. இரண்டும் இல்லையென்றால் தொட்டி கட்டாதீர்கள்.

கீழே ஓர் ஊர் இருக்கிறது

அகழி வெட்ட ஆரம்பித்த வாரம் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். “மேல தண்ணியக் கட்டிப் போட்டுட்டா எங்க ஏரிக்கு எப்படிங்க வரும்?” நியாயமான கேள்வி. நாங்கள் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. வெற்று நிலத்தில் புது ஊர் படைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே வெற்று நிலம் என்று ஒன்றும் இல்லை. நாங்கள் ‘புதர்’ என்று எழுதி வைத்திருந்த இடம் அவர்களுக்கு ஆடு மேயும் வழி. வேப்பமரத்தடியில் கிடந்த மூன்று கல் ஒரு குடும்பத்தின் குலசாமி.

அன்றைக்கே பேசி எழுதிக்கொடுத்தோம். ஓடையைத் தொடமாட்டோம், மறிக்கமாட்டோம். எங்கள் நிலத்தில் விழுகிற மழையை மட்டும் நிறுத்துவோம். குட்டையின் கோடி ஓடையில்தான் விழும். ஆட்டுப்பாதை பத்தடி அகலத்தில் அப்படியே கிடக்கும், வேலி அதை விட்டுத்தான் போகும். குலசாமிக்கு யார் எப்போது வந்தாலும் வழி. கோயில் வரியும் கொடுக்கிறோம். தெருக்கூத்து நடக்கும் ராத்திரிக்கு எங்கள் பங்கு ஒரு அண்டா காபி.

கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முதல் இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். கட்டட அனுமதிக்கும் வீட்டு வரிக்கும் அந்த ஊராட்சிக்குத்தான் போகப் போகிறீர்கள் என்பது ஒரு பக்கம். பாம்பு கடித்த ராத்திரி வண்டி எடுக்கிறவர் அங்கேதான் இருக்கிறார்.

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைப் பக்கம் சிட்டிலிங்கிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கூரைக் கொட்டாயில் மருத்துவமனை தொடங்கினார்கள். பிறகு இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூவேலை என்று அது விரிந்தது. யாரும் அங்கே புது ஊர் கட்டவில்லை. இருந்த ஊரிலேயே வேலை செய்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்கள் வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினோம். இப்போது ஊரில் எங்களை ‘மேக்கொட்டாய்க்காரங்க’ என்கிறார்கள். அதுவே போதும்.

கழிவறை, அடுப்படி, கரண்டு

ஆள் வந்து தங்கும் முன் கழிவறை இருக்கவேண்டும். இரட்டைக் குழி வையுங்கள். ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை இரண்டு வருடம் மூடி வைத்தால் மணம் இல்லாத மண்ணாகிவிடும். கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி, கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில். முதல் குழியைத் திறந்த அன்று யாரும் பக்கத்தில் வரவில்லை. என் மனைவி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, “காபித் தூள் மாதிரி இருக்கு” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குக் காபி இறங்கவில்லை. அந்த மண் தென்னைக்கும் வாழைக்கும் போகிறது, கீரைக்குப் போடுவதில்லை. குளியல் தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்கு.

மூன்று வேளையும் பொதுச் சமையல் என்று ஆரம்பித்து நாற்பது நாளில் கைவிட்டோம். ஒரு வீட்டுக்குக் காரம், ஒரு வீட்டுக்குப் பூண்டு ஆகாது, ஒருவருக்குச் சர்க்கரை. தவிர, பொதுச் சமையல் என்றால் பெண்கள் சமைத்து ஆண்கள் ‘சமூகம்’ பேசுவது என்று ஆகிவிட்டிருந்தது. இப்போது மதியம் மட்டும் பொது, முறை வைத்து, ஆணும் பெண்ணுமாக ஜோடிக்கு ஒரு நாள். ராத்திரி அவரவர் வீட்டில். ஐந்து மாட்டுச் சாணம் ஐம்பது கிலோ, இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்குச் சரியாக இருக்கிறது. அதில் பொது அடுப்பில் டீயும் குழம்பும் ஆகிவிடும், சோற்றுக்கு விறகுதான்.

கரண்டைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் கேட்கிறார்கள், எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று கிலோவாட் சோலாரில் வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வருகிறது. மின்வாரிய இணைப்பும் வைத்திருக்கிறோம். முழுக்கப் பேட்டரியில் ஓட்டுவது கௌரவத்துக்கு நன்றாக இருக்கும், பேட்டரி மாற்றும் வருடத்தில் கௌரவம் போய்விடும்.

மண்ணுக்கு முதல் வருடம் சோறு

வந்த உடனே காய்கறி போட்டு, சேலத்துக்கு அனுப்பி, செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எங்கள் காடு இருபது வருடம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மட்டும் பார்த்த காடு. உரத்தைக் கொட்டிக் கிழங்கைப் பிடுங்கிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்பிப் பழகிய மண். மண்வெட்டி வைத்தால் ஒரு புழு வராது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவந்த பலதானிய விதைப்புதான் அங்கே கைகொடுத்தது. சோளம், கம்பு, தினை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, எள், நிலக்கடலை, ஆமணக்கு, சணப்பை, தக்கைப்பூண்டு, கடுகு, மல்லி, வெந்தயம் என்று கிடைத்ததையெல்லாம் கலந்து ஆடியில் தூவி, ஐம்பது நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதோம். விளைந்ததை வெட்டி மண்ணிலேயே போடுகிறார்களே என்று ஊரில் சிரித்தார்கள். மூன்று முறை செய்த பிறகு நான்காவதாகப் போட்ட சாமை நன்றாக வந்தது. அந்த வருடம் எதிர்க்காட்டுப் பெரியவர் விதைச் சாமை கேட்டு வந்தார்.

வேலிக்குக் கிளுவை. பங்குனி சித்திரையில் கம்பு வெட்டி நட்டால் மழைக்குத் துளிர்க்கும். காட்டுப்பன்றி எதற்கும் அடங்காது. காட்டெருமை மேலிருந்து இறங்கும் வழியை மறிக்காமல் விட்டுவிட்டால் அது பாட்டுக்குப் போகும். மாசிக்குள் மலைப்பக்க எல்லையில் பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டிச் சுத்தமாக வைக்கவேண்டும். மேலே தீப் பிடித்தால் அந்தப் பத்தடிதான் நிற்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எட்டு வீட்டில் ஐந்து வீட்டுக்கு வெளி வருமானம் உண்டு. ஒருவர் கணினி வேலை, ஒருவர் பள்ளி ஆசிரியை, நான் வாரத்தில் இரண்டு நாள் தம்பி பட்டறைக்கு டிசைன் வெட்டித் தருகிறேன். காடு எங்களுக்குச் சாப்பாடு போடுகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது இன்னும் போடவில்லை.

இப்போது வீடு

குட்டை வெட்டும்போது மேல் ஓரடிக் கறுத்த மண்ணைத் தனியாக எடுத்துக் காட்டில் பரப்புங்கள். அதற்குக் கீழே வருகிற செம்மண்தான் சுவர். இதனால்தான் குட்டைக்கு முன் வீடு கட்டாதீர்கள் என்கிறேன். முதலில் வீடு கட்டியவர், எங்களில் அவசரக்காரர், நான்தான், சேலத்திலிருந்து லாரியில் செங்கல் இறக்கினேன். அடுத்த வருடம் கொஞ்சம் தள்ளிக் குட்டை வெட்டி, அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்று எல்லாரும் அலைந்தோம். அது மட்டுமில்லை. நான் கட்டிய இடம் மழைத் தண்ணீர் வழி. முதல் ஐப்பசியில் வாசலில் நுழைந்து அடுப்படி வழியாக வெளியே போயிற்று.

மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், அதன் மேல் வண்டல், உச்சியில் களி என்று அடுக்காகத் தெரியும். அழுத்திய மண்கல்லுக்குப் பொடிக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 என்ற விகிதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. இது ஆரோவில்லில் பழகிய கணக்கு. எங்கள் மண்ணில் களி கூடுதல். குவாரித் தூள் கலந்தோம். ஐந்து சதவீதம் சிமெண்ட், கை அழுத்தி இயந்திரம், நான்கு வாரம் ஈரச் சாக்கு. சூளை இல்லை, விறகு இல்லை. கருங்கல் அஸ்திவாரம் தரைக்கு மேல் ஒன்றரை அடி வரட்டும், கூரை மூன்றடி வெளியே நீளட்டும். மண்சுவருக்குக் காலும் தலையும் நனையக்கூடாது. உடம்பில் படுகிற சாரலை அது தாங்கிக்கொள்ளும்.

போன தையில் ஒன்பதாவதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. ஓசூரில் வேலை பார்த்தவர்கள், கைக்குழந்தை உண்டு. ஒரு வருடம் பொதுக்கொட்டாயின் பின்னறையில் இருந்து பார்க்கவேண்டும் என்பது சீட்டில் இருக்கிறது, இருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பையன் வந்து, “அண்ணா, மேற்கு மூலையில் மேடு நல்லா இருக்கு, அங்கே வீடு போடலாமா?” என்று படத்தை விரித்தான். வட்டமான மண்சுவர், நடுவில் முற்றம். ஐப்பசியில் குடை எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் நில், அப்புறம் பேசலாம் என்றேன். படத்தை மடித்துக்கொண்டே, குடை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். கொட்டாய் மூலையில் ‘ஏ’ சட்டத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது என்று சொன்னேன்.